இருபத்து நான்கு கட்டங்கள்

மார்ச் 3

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மாத்திரையை நானே கையில் கொடுத்து விழுங்க வைக்கிறேன். உன் மனைவியும் குட்டியும் எப்படி இருக்கிறார்கள்? குவாரித் தூசியில் உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாய். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள் என்றால் நீ கேட்கவா போகிறாய்.

செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிட்டேன். அறுபத்தொரு ஓட்டு வித்தியாசம். இருபத்திரண்டு வருஷம் சுகாதார நிலையத்தில் ஊசி குத்தியபோது என்னைத் திட்டினவர்கள் எல்லாரும் திரண்டு வந்து எனக்கே குத்தியிருக்கிறார்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். இனி நர்சம்மா இல்லை, மாமன்ற உறுப்பினர்.

என் வேட்புமனுவை முன்மொழிந்தவர் யார் தெரியுமா? நீரேற்று நிலையத்தில் உன்னோடு வேலை பார்த்த வால்வுக்காரர். இப்போது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். எட்டு வருஷத்துக்கு முன்பு நம் வார்டுக் குழாய்த் தண்ணீரால் முந்நூறு பேர் படுக்கையில் விழுந்தார்கள், இரண்டு குழந்தைகள் போய்விட்டன. வடிகட்டாத தண்ணீரைத் தவறான வால்வு வழியாகத் திறந்துவிட்டார் என்று பழியை அவர் தலையில் கட்டி, வேலையை விட்டு அனுப்பினார்களே, அது உனக்கு மறந்திருக்காது. அந்த விசாரணையை மறுபடியும் திறக்க வைப்பேன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன்.

உள்ளூர் நாளிதழில் 'புதிய உறுப்பினர்கள் - ஓர் அறிமுகம்' என்று போடுகிறார்கள். நிருபர் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கேள்வி கேட்டார். அப்பா இறந்தது, நான் படித்தது, கல்யாணம் செய்துகொள்ளாதது எல்லாம் கேட்டார். தம்பி அந்த நீரேற்று நிலையத்தில்தான் ஆபரேட்டராக இருந்தான், இப்போது வெளியூரில் இருக்கிறான் என்று பெருமையாகச் சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். குட்டிக்கு முத்தம்.

அக்கா


மார்ச் 24

அன்பு அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். இருமல் குறைந்துவிட்டது. அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதே. தபால் லாரி பத்து நாளுக்கு ஒரு முறைதான் மலையேறுகிறது, அதனால்தான் தாமதம். இங்கே போனுக்கு டவர் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இனிமேல் உன்னை அக்கா என்று கூப்பிடலாமா, இல்லை 'மாண்புமிகு' போட வேண்டுமா? உன் சேதியைக் கேட்டுக் குட்டி, 'அத்தை ராஜாவா ஆயிட்டாங்களா?' என்றாள். ஆமாம், அஞ்சாம் வார்டு சாக்கடைக்கு ராஜா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா, ஒன்று சொன்னால் கோபிக்காதே. புதிதாகப் போகிறாய். எடுத்த எடுப்பிலேயே பெரிய ஆட்களோடு மோதாதே. பள்ளிக்கூடத் தெருவில் பாதி விளக்கு எரியாது, பொதுக் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. இதையெல்லாம் முதலில் செய்து கொடுத்தால் ஜனங்கள் உன்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். பழைய விஷயத்தைக் கிளறி இனி யாருக்கு என்ன வரப்போகிறது.

அப்புறம், என்னைப் பற்றி எல்லாம் நிருபரிடம் எதற்குச் சொன்னாய்? நான் எங்கேயோ கிடக்கிறவன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

அனைவரும் நலமே. உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். சாக்கடை ராஜா என்ற இடத்தில் இரண்டு தடவையும் சிரித்தாள்.

முதல் கூட்டம் முடிந்தது. மன்றக் கூடம் நீ நினைப்பது போல இல்லை. நாற்பது நாற்காலியில் ஏழுக்குக் கை உடைந்திருக்கிறது. புதியவர்களுக்கு அந்த ஏழுதான். ஒலிபெருக்கியில் பேசினால் நம் குரல் நமக்கே இரண்டாம் முறை கேட்கும். நான் எழுந்து, தண்ணீர்ச் சம்பவத்தின் அசல் ஆவணங்களை மன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன்.

அப்போது உங்கள் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளர் இப்போது மாநகராட்சிக்கே தலைமைப் பொறியாளர். அவர் எழுந்து, "அந்த ஃபைலெல்லாம் ஈரம் பட்டு வீணாப் போச்சுங்க. மேடம் நர்ஸா இருந்தவங்க, டெக்னிக்கல் விஷயம் அவங்களுக்குப் புரியாது," என்றார். கூடமே சிரித்தது. நான் உட்காரவில்லை. "எனக்குப் புரியாதுதான். வயித்துப்போக்கு மட்டும் நல்லாப் புரியும்," என்றேன். சிரிப்பு நின்றது. தீர்மானம் இரண்டு ஓட்டில் தப்பிப் பிழைத்தது. ஆவணம் எங்கே இருந்தாலும் தேடி எடுத்துத் தர வேண்டும் என்று கமிஷனர் உத்தரவு போட்டிருக்கிறார்.

இனி உன் உதவி வேண்டும். நீ அங்கே ஐந்து வருஷம் இருந்தவன். தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று மணிக்கு ஒரு முறை எழுதும் பதிவேடு ஒன்று உண்டாமே? அது எப்படி இருக்கும், யார் எழுதுவார்கள், எங்கே வைப்பார்கள்? எந்தத் தாளைத் தேடுவது என்று தெரியாமல் பதிவறையில் போய் நின்றால் முட்டாளாக்கி அனுப்பிவிடுவார்கள். சீக்கிரம் எழுது.

குட்டிக்குப் பால் பல் விழுந்ததா?

அக்கா


மே 2

அன்பு அக்காவுக்கு,

நலம். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், அதனால்தான் எழுத முடியவில்லை. இப்போது தேவலை. குட்டிக்கு ஒரு பல் விழுந்தது.

பதிவேடு எல்லா நிலையத்திலும் இருப்பதுதான். நீ கேட்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது. பழையதை எல்லாம் எடைக்குப் போட்டிருப்பார்கள். வீணாக அலையாதே. உன் உடம்பும் முன்னைப் போல் இல்லை.

வால்வுக்காரரைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல மனுஷர். கண்ணைக் கட்டிவிட்டால்கூடத் தவறான வால்வைத் திறக்கிற ஆள் இல்லை. அவருக்கு ஏதாவது வேலை வாங்கிக் கொடுக்க முடிந்தால் செய்.

லாரி நிற்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 11

தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதில் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு வெந்நீரே குடி. அம்மா சுகம்.

நீ எழுதிய ஒரு வரியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். 'தவறான வால்வைத் திறக்கிற ஆள் இல்லை.' சரி. அது உனக்குத் தெரியும் என்றால், அன்றைய விசாரணையில் ஏன் சொல்லவில்லை? உன்னையும்தானே கூப்பிட்டு விசாரித்தார்கள்? திரும்பி வந்து நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். கூட வேலை பார்த்தவர் போகிறாரே என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் கல்யாணம் முடித்து ஊரையே விட்டுப் போய்விட்டாய்.

நாளிதழில் மறுபடியும் என்னைப் பற்றி வந்திருக்கிறது. இந்த முறை அறிமுகம் இல்லை. 'உறுப்பினரின் தம்பி அப்போது எங்கே இருந்தார்?' என்பது தலைப்பு. உள்ளே விஷயம் ஒன்றும் இல்லை, கேள்விக்குறிகள்தான். யாரோ சொல்லிக் கொடுத்து எழுதியது.

யார் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. பொறியாளர் வீட்டுக்கே வந்தார். அம்மாவிடம் சுகம் விசாரித்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்க தம்பி தங்கமான பையன்ங்க. அவன் கையெழுத்து இருக்கே, அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். எங்கே பார்த்தாலும் நான் கண்டுபிடிச்சிடுவேன்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் எதைச் சொல்கிறார்? நீ எழுதும் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட மாட்டேன். மனம் விட்டு எழுதுடா.

அக்கா


ஜூன் 9

தம்பி,

நலமா என்று கேட்கத்தான் வருகிறது. நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு தாளும் இல்லை. மூன்று லாரியாவது மலையிறங்கியிருக்குமே.

நீ எழுதாததைப் பதிவறை எழுதிக் காட்டிவிட்டது.

ஈரமும் இல்லை, செல்லரிப்பும் இல்லை. நீல அட்டை போட்ட பெரிய நோட்டு. குமாஸ்தா தூசியைத் தட்டி மேஜைமேல் வைத்தார். நிலையத்தில் பம்பிங் காலை ஆறிலிருந்து இரண்டு வரைதான், ஒரு நாளைக்கு எட்டுக் கட்டம் என்று அவரே விளக்கினார். சம்பவத்துக்கு முந்திய மூன்று நாள். மூன்றெட்டு இருபத்து நான்கு கட்டம். எல்லாவற்றிலும் 0.5, 0.5, 0.5. மற்ற நாட்களில் ஒரு மணிக்கு 0.4 இருக்கிறது, அடுத்த மணிக்கு 0.6 இருக்கிறது. இந்த மூன்று நாளும் கல்லில் வெட்டினது போல ஒரே எண். மூன்றாம் நாள் எட்டுக் கட்டமும் ஒரே மையில், ஒரே சாய்வில்.

ஐந்துக்கு மேல் கோடு போடாமல் விட்டுவிடும் பழக்கத்துக்காக நான்காம் வகுப்பில் உனக்கு நான் குட்டு வைத்திருக்கிறேன். யாருடைய கை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இரண்டு குழந்தைகளில் ஒருவன், எதிர்வீட்டுக்காரியின் பையன், என் கையில்தான் போனான். மூன்று வயது. நரம்பு கிடைக்காமல் காலில் தேடினேன். ஊசி ஏறியபோது அவன் இல்லை. அவள் இன்னமும் தினம் காலையில் வந்து அம்மாவுக்குப் பேப்பர் வாசித்துவிட்டுப் போகிறாள்.

அந்த மூன்று நாளும் நீ சோதித்துப் பார்த்துத்தான் எழுதினாயா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும். ஜூலை பதினெட்டாம் தேதி மன்றம் கூடுகிறது.

அக்கா


ஜூன் 16

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதுகிறேன். அத்தையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். குட்டி நலம். அவரைப் பற்றி நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். துவைக்க எடுத்தபோது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் குரலை உயர்த்தியது அன்றுதான். இரண்டு தடவை எழுத உட்கார்ந்தார். இரண்டு தடவையும் 'அன்பு அக்காவுக்கு' என்பதற்கு மேல் போகவில்லை. அந்தத் தாள்களை அடுப்பில் போட்டது நான்தான்.

அண்ணி, எனக்கு விவரம் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள், "நான் நல்லவன்னு நினைச்சுக் கட்டிக்கிட்டியா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று சிரித்துவிட்டேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் பயமாக இருக்கிறது.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். போனது போகட்டும் என்று விட்டுவிட முடியாதா? எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 24

தம்பிக்கு,

அம்மா சுகம். உன் மனைவியும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். நீ சாப்பிடு. முதலில் அது.

நீ பதில் எழுதவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

போன திங்கட்கிழமை மேயரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். பொறியாளரும் இருந்தார். மேயர் மெதுவாகப் பேசுகிறவர். "வால்வுக்காரருக்குக் கருணை அடிப்படையில வேலை குடுத்துடலாம். நீங்க தீர்மானத்தை வாபஸ் வாங்கிடுங்க. பதிவேடு வெளிய வராது. எல்லாருக்கும் நல்லது," என்றார். எல்லாருக்கும் என்று சொன்னபோது பொறியாளர் என்னைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. அவருக்கும் வேலை கிடைக்கும், நீயும் தப்பிப்பாய். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து, நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். வால்வுக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "கருணைன்னா என்னங்க நர்சம்மா? நான் தப்புப் பண்ணேன், பாவம், மன்னிச்சிட்டோம்னு அர்த்தம். எனக்கு வேலை வேணாம். நான் அந்த வால்வைத் திறக்கலைன்னு ஒரு தாள்ல எழுதி, சீல் வெச்சுக் குடுங்க. எங்க தெருவுல இன்னும் எனக்குத் தண்ணி குடுக்க யோசிக்கிறாங்க," என்றார்.

அதற்குப் பிறகு மேயரிடம் போய் நான் என்ன சொல்ல முடியும்? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பதினெட்டாம் தேதி பதிவேட்டை மேஜைமேல் வைப்பேன். உன் பெயரை நானாகச் சொல்ல மாட்டேன். கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் நீ எனக்கு எழுத நினைத்தால் இன்னும் ஒரு லாரி இருக்கிறது.

அக்கா


ஜூலை 2

அக்கா,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சோதித்துப் பார்க்கவில்லை.

அந்த வாரம் புதுமழை. ஆற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. முதல் நாள் காலையிலேயே குளோரின் இயந்திரம் நின்றுவிட்டது. சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தேன், குளோரின் இருந்தால் வரும் மஞ்சளே வரவில்லை. பொறியாளரிடம் ஓடினேன். "ஸ்பேர் நாளைக்கு வந்துடும். பம்பிங்கை நிறுத்தினா ஊரே கத்தும், கட்டத்தைக் காலியா விட்டா மேலிடம் கேக்கும். நீ பாட்டுக்குப் பாயிண்ட் அஞ்சுன்னு போடு," என்றார். போட்டேன். முதல் கட்டம் எழுதும்போது பேனா ஓடவில்லை. மறுநாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே எட்டுக் கட்டத்தையும் எழுதி மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். அக்கா, அந்த டீ நன்றாக இருந்தது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு விசாரணை. பொறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும். உனக்குக் கல்யாணம் பேசிட்டிருக்காங்க. அவர் வயசானவர், படிக்காதவர், எப்படியும் பொழைச்சுக்குவார்," என்றார். விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. நான் சொன்னது இரண்டே வார்த்தை. "வால்வு மாறியிருக்கலாம்." அவ்வளவுதான். அதை வைத்துத்தான் அவரை அனுப்பினார்கள்.

அவர் சாப்பாட்டுத் தூக்கில் நான் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

நீ பதிவேட்டை மேஜைமேல் வை. என்னை நினைத்துத் தயங்காதே. இந்தக் கடிதத்தையும் வேண்டுமானால் வாசித்துக் காட்டு.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு நேற்று தலைச்சுற்றல் வந்தது, இப்போது படுத்திருக்கிறாள். அதற்குக் காரணம் நான்.

உன் கடிதத்தை மூன்றாம் முறை வாசித்தபோது ஒன்று உறுத்தியது. முதல் நாள் காலையிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மூன்று நாளும் நானும்தான் வீட்டில் இருந்தேன். வார்டே படுத்தபோது நம் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. நான் நர்ஸ், கையைச் சுத்தமாகக் கழுவுகிறோம், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் கேட்டேன். கையிலிருந்த மாத்திரையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "அவன்தான் சொன்னான். மூணு நாளைக்குத் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடுன்னான். யாருகிட்டயும் சொல்லாதேன்னான். ஏன்னு நான் கேக்கல. எதிர்வீட்டுப் பொண்ணு அடுப்பைப் பார்த்துட்டு, 'என்னம்மா, பச்சைத் தண்ணி ஆகலையா?'ன்னு கேட்டா. தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிட்டேன்." சொன்னவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இதை நீ எழுதவில்லை. மற்றதையெல்லாம் எழுதினவன் இதை விட்டுவிட்டாய். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பொறியாளருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். மன்றத்தில் நான் இதைச் சொல்லப்போவதில்லை. சொல்லாமல் இருப்பது சரிதானா என்று யாரைக் கேட்பது? இன்று காலையும் எதிர்வீட்டுக்காரி வந்தாள். பேப்பர் வாசித்தாள். என் பெயர் வந்த செய்தியைச் சத்தமாக வாசித்துவிட்டு, "விடாதீங்கக்கா," என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீயும் குட்டியும் திடமாக இருக்க வேண்டும். சொல்லிக்கொள்ளாமல் அவன் பஸ் ஏறிவிட்டான் என்று நீ பதறியிருப்பாய். அவன் என்னிடம்தான் வந்தான். முந்தாநாள் நடந்ததை என் வாயாலேயே நீ கேட்க வேண்டும்.

கூடம் நிறைந்திருந்தது. பார்வையாளர் வரிசையில் வால்வுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு இருக்கை தள்ளி எதிர்வீட்டுக்காரி. நான் பதிவேட்டை வைத்து, இருபத்து நான்கு கட்டத்தையும் வாசித்தேன். பன்னிரண்டாவது கட்டத்துக்குப் பிறகு கூடத்தில் இருமல்கூட இல்லை.

பொறியாளர் எழுந்தார். "இது யார் கையெழுத்துன்னு உறுப்பினருக்கே நல்லாத் தெரியும். அவங்க வாயாலேயே சொல்லச் சொல்லுங்க," என்றார். இதற்காகத்தான் அவர் காத்திருந்தார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எழுந்து நின்றேன். வாயைத் திறக்கப் போனேன்.

"என்னுது."

கதவுப் பக்கத்திலிருந்து வந்தது. மேலெல்லாம் பயணத் தூசியோடு அவன் நின்றிருந்தான். கூச்சல் கிளம்பியது. வெளியாள் பேசக்கூடாது என்று மேயர் மணியை அடித்தார். கமிஷனர், "அவர் வெளியாள் இல்ல, அந்தச் சமயம் நம்ம ஊழியர். பேசட்டும்," என்றார். உன் புருஷன் எல்லாவற்றையும் சொன்னான். இயந்திரம் நின்றது, பொறியாளர் சொன்னது, அவன் எழுதியது, வால்வுக்காரர்மேல் பழி போட்டது. குரல் உடையவில்லை. மேயர், "போதும், மிச்சத்தை எழுதிக் குடுங்க," என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க," என்றான்.

மன்றத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தே சொன்னான். "எங்க வீட்டுல மட்டும் கொதிக்க வைக்கச் சொன்னேன். உங்க வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினம் வேலைக்குப் போனேன். பையன் வாசல்ல நின்னு டாட்டா காட்டுவான். சொல்லல."

அவள் அழவில்லை, கத்தவில்லை. எழுந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, யார் காலையும் மிதிக்காமல் நடந்து வெளியே போய்விட்டாள்.

வால்வுக்காரர்மேல் போட்ட உத்தரவை முப்பத்தொரு பேர் கை தூக்கி ரத்து செய்தார்கள். வெளியே நடைபாதையில் உன் புருஷன் அவர் முன்னால் போய் நின்றான். காலில் விழப் போனவனை அவர் தோளைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "வேணாம் தம்பி. உன்கிட்டப் பேச எனக்கு இன்னைக்கு ஒண்ணுமில்ல. இன்னொரு நாள் வரலாம், வராமலும் போகலாம்," என்று சொல்லிவிட்டு, உத்தரவின் நகலை வாங்க அலுவலகத்துக்குள் போனார்.

நாங்கள் இருவரும் நடந்தே காவல் நிலையத்துக்குப் போனோம். வழியில் குட்டியைப் பற்றி மட்டும்தான் பேசினான்.

விட்டுவிட முடியாதா என்று கேட்டு எழுதியிருந்தாய். என்னால் முடியவில்லை தங்கச்சி. நீ என்னை வெறுத்தாலும் உனக்கு நியாயம் இருக்கிறது. குட்டியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. இது உன் வீடு.

உன் அண்ணி


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

சிறைக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும். நம்மிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது.

உன் மனைவியும் குட்டியும் வந்து இரண்டு வாரம் ஆகிறது. குட்டி மன்றக் கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். உன் மனைவி என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். ஆனால் என் தட்டில் பரிமாறிவிட்டுத்தான் தனக்குப் போட்டுக்கொள்கிறாள். அடுத்த புதன்கிழமை உன்னைப் பார்க்க வருகிறார்கள். வக்கீல் ஜாமீனுக்கு மறுபடியும் மனுப் போட்டிருக்கிறார்.

பொறியாளரைப் பணியிடை நீக்கம் செய்து, பிறகு கைதும் செய்தார்கள். நாளிதழ் ஒரு நாள் என்னை வானத்துக்குத் தூக்கியது, மறுநாள் 'ஊருக்கு விஷம், வீட்டுக்கு வெந்நீர்' என்று போட்டது. இரண்டாவதில் பொய் இல்லை. நான் ராஜினாமா எழுதி மேயரிடம் கொடுத்தேன். கேள்விப்பட்ட வால்வுக்காரர் கடையை மூடிவிட்டு வந்து, "நீங்க எந்திரிச்சா அந்த நாற்காலியில யார் உட்காருவான்னு யோசிச்சீங்களா? குளோரின் ரூமுக்குப் போய் நாளைக்கு யாரு பார்ப்பா?" என்று சத்தம் போட்டார். திரும்ப வாங்கிக்கொண்டேன். வாரத்துக்கு இரண்டு நாள் சொல்லாமல் போய் நானே சொட்டு விட்டுப் பார்க்கிறேன். அவர் மறுபடியும் வேலைக்குப் போகவில்லை. உத்தரவைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். உன்னைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரி அன்றிலிருந்து நம் வாசல் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் காலை அம்மா தானாகத் தெருவைக் கடந்து போய் அந்தக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. அடுத்த நாளும் போனாள். "எதுக்கும்மா போறே? என்ன சொல்லப்போறே?" என்று தடுத்தேன். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லடி. அவ திட்டணும்னா ஆள் வேணும்ல?" என்றாள். தினமும் போகிறாள். வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு வருகிறாள். தெருவே பார்க்கிறது.

நேற்று கதவு திறந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்தாள், நிழல் விழும் இடமாகப் பார்த்து வாசலில் போட்டாள், மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா அதில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்று காலையும் போயிருக்கிறாள்.

அக்கா